தனித்த மீனின் அமைதி

அச்சத்தை ஆராய முற்படுகிறவனுக்கு முதலில் வேண்டியது அச்சப்படாத பிராணி. கலக்கத்தை அளக்க வேண்டுமானால், கலங்காத நிலை எது என்பது அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்; அதைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்கும் அளவுகளெல்லாம், கரை எங்கே இருக்கிறதென்று அறியாமல் வெள்ளத்தின் உயரத்தைக் கூறுவது போலாகும். ஆனால் தொட்டியில் பிறந்து, தொட்டியில் வளர்ந்து, தொட்டியிலேயே முடிந்துபோகும் ஒரு ஜீவனுக்கு இயல்பு நிலை என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதை நிர்ணயிப்பது அந்த ஜீவனின் சுபாவமா அல்லது அதை அடைத்து வைத்தவனின் சௌகரியமா என்ற கேள்வியைச் சோதனைக்கூடங்களில் பணிபுரிந்தவர்கள் வெகுகாலம் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவில்லை. அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாதபடி அவர்கள் முன் நிறுத்தியவற்றுள், விரல் நீளங்கூட இல்லாத, நீலக் கோடுகள் ஓடிய ஒரு சின்னஞ்சிறு மீனுக்கு முக்கியமான ஸ்தானம் உண்டு.

ஜீப்ரா மீன் என்று இன்று உலகெங்கும் வழங்கும் அம்மீன் நம்முடைய உபகண்டத்துக்கு உரியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையில் இருந்த பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் அதை முதன்முதலாக வர்ணித்தார். இந்தியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய தேசங்களின் ஆழமற்ற ஓடைகளும், வேகமின்றி நகரும் வாய்க்கால்களும், மழைக்காலத்தில் நீர் தேங்கும் நெல்வயல்களுமே அதன் சொந்த வீடு. இந்திய நீர்நிலைகளில் அதன் வாழ்க்கையைத் தேடி ஆராய்ந்து 2013-இல் விரிவான கட்டுரை எழுதியவர்களுள், ஆழ்வார்க்குறிச்சியிலிருந்து இயங்கிய எம். அருணாசலமும் அவருடைய சகாக்களும் குறிப்பிடத்தக்கவர்கள். வண்டலும் கூழாங்கல்லும் படிந்த அடித்தளம், கரையோரத்துச் செடிகளின் நிழல், பருவத்துக்குப் பருவம் மாறும் நீரின் ஆழமும் உஷ்ணமும், கீழிருந்து வரக்கூடிய விராலும் மேலிருந்து பாயக்கூடிய மீன்கொத்தியும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக எப்போதும் கண்பார்வைக்குள் இருக்கும் தன் இனத்தாரின் கூட்டம் ஆகிய இவற்றின் நடுவேதான் அம்மீனின் புலன்களும் பயங்களும் பழக்கங்களும் யுகயுகாந்தரமாக உருவாகி வந்திருக்கின்றன.

அங்கிருந்து அது விஞ்ஞானத்தின் நடுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்து யூஜீன் நகரில். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர், முதுகெலும்புள்ள பிராணிகளின் மரபியலை ஆராய எளிதான ஓர் உயிரைத் தேடி இந்த மீனைத் தேர்ந்தெடுத்தார்; 1981-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையோடு அதன் புகழ் தொடங்கிற்று. இன்று உலகமெங்கும் சோதனைக்கூடங்களில் வளரும் பிரசித்தமான வம்சங்களுள் ஒன்று, அவர் அந்த மாநிலத்து வளர்ப்புமீன் கடையில் வாங்கிய மீன்களிலிருந்து வந்தது. தாயின் உடலுக்கு வெளியே வளரும் கண்ணாடி போன்ற கரு, சில மாதங்களிலேயே எய்தும் பருவம், மலிவான பராமரிப்பு ஆகிய குணங்களால் அது வெகு விரைவில் எலிக்கு அடுத்தபடியான இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2013-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டபோது, மனிதனுடைய மரபணுக்களில் சுமார் 70 சதவிகிதத்துக்கு அதனிடம் ஏதேனும் ஓர் உறவு உண்டு என்று தெரிந்தது. உறுப்புகளை ஆராய வந்தவர்கள் நாளடைவில் மனத்தையும் ஆராயத் தலைப்பட்டார்கள். பயம், பதற்றம், போதைப் பழக்கம் முதலியவற்றுக்கும் மருந்து தேடுவோர் இந்த மீனிடம் வந்தார்கள்.

அவர்கள் அதற்குக் கட்டிக்கொடுத்த வீட்டைச் சிறிது கவனிக்க வேண்டும். இரும்புத் தட்டுகளில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட, மூன்று நான்கு லிட்டர் கொள்ளும் பாலிகார்பனேட் தொட்டிகள். வடிகட்டிகள் வழியாகவும், அம்மோனியாவைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்ப் படுகையின் வழியாகவும், கிருமிகளைக் கொல்லும் புற ஊதா ஒளியின் வழியாகவும் இடைவிடாது சுழன்றுகொண்டிருக்கும் நீர். ஆண்டு முழுவதும் 28 டிகிரியை ஒட்டியே நிற்கும் உஷ்ணம். பதினான்கு மணி நேரப் பகல், பத்து மணி நேர இரவு. லிட்டருக்கு ஐந்து மீன் என்று பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் கணக்கு. பகை இல்லை, பஞ்சம் இல்லை, வறட்சி இல்லை, வெள்ளம் இல்லை. கூடவே கல்லும் இல்லை, செடியும் இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு மூலையும் இல்லை. இந்த வெறுமையை அலட்சியத்தின் விளைவு என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. கூழாங்கல்லின் இடுக்கில் எச்சிலும் கழிவும் தங்கினால் நோய் தங்கும். செடி மறைத்தால் செத்த மீன் கண்ணில் படாமற் போகும். ஆயிரக்கணக்கான தொட்டிகளைக் கழுவி, மீன்களை எண்ணி, நோயாளியைப் பிரித்தெடுக்க வேண்டிய ஊழியனுக்கு வெறுமையே வசதி. ஆயினும் வசதி யாருடையது என்பதை மறக்காமலிருப்பது நல்லது. அந்த வீட்டில் உள்ள ஒவ்வோர் ஏற்பாடும் பார்க்கிறவனின் கண்ணை உத்தேசித்துச் செய்யப்பட்டது; பார்க்கப்படுகிறவனின் கண்ணை உத்தேசித்து அன்று.

உடல் படும் நெருக்கடியை ஒரு விஞ்ஞான விஷயமாக்கியவர் ஹான்ஸ் செலியே. 1936-இல் மாண்ட்ரியல் நகரிலிருந்து அவர் ‘நேச்சர்’ பத்திரிகைக்கு எழுதிய சிறு குறிப்பில், எலியைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவு மீறி ஓட வைத்தாலும், நச்சு மருந்துகளைச் செலுத்தினாலும், காரணங்கள் வெவ்வேறாயிருக்க உடலில் நேரும் மாறுதல்கள் ஒரே விதமாயிருக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். அந்தப் பொதுவான மாறுதலின் தூதர்களுள் ஒன்றுதான் கார்ட்டிசால் என்ற ஹார்மோன். மீனின் மூளையிலுள்ள ஹைபோதாலமஸ் அபாயத்தை உணர்ந்ததும் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்ல, அது இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தின் முன்பகுதியில் பதிந்துள்ள உயிரணுக்களுக்குச் சொல்ல, அவை கார்ட்டிசாலைச் சுரந்து, சர்க்கரையைத் திரட்டி, ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடலைச் சித்தப்படுத்துகின்றன. எலிகளின் உடலில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது கார்ட்டிகோஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோன்; மனிதனுக்கும் இந்த மீனுக்குமோ அது கார்ட்டிசாலாகவே அமைந்திருப்பது, மீனை நாடி வந்தவர்களுக்கு உற்சாகம் அளித்த ஒற்றுமைகளுள் ஒன்று. ஆனால் இதை அளப்பதில் ஒரு கொடுமையும் உண்டு. இரத்தம் எடுக்கப் போதாத அளவுக்கு மீன் சிறியதாகையால், பெரும்பாலான ஆராய்ச்சிகளில் முழு உடலையும் அரைத்துத்தான் கார்ட்டிசாலைக் கணக்கிடுகிறார்கள். தன் வாழ்வு எப்படியிருந்தது என்பதை மீன் ஒரே ஒரு முறைதான் சொல்ல முடியும். உடலிலிருந்து நீரில் கசியும் ஹார்மோனை அளந்து உயிரைக் காக்கும் முறைகளும் பின்னர் வந்திருக்கின்றன என்பது ஆறுதலான விஷயம்.

முதலில் ஆராயப்பட்டது நெரிசல். ஆரகன் மாநிலத்திலேயே, ராம்ஸேயும் ஷ்ரெக்கும் கெண்ட்டும் அவர்களுடைய சகாக்களும் 2006-இல், லிட்டருக்கு நாற்பது மீன் என்ற அளவில் அவற்றை நெருக்கி வைத்தபோது உடலின் கார்ட்டிசால் தெளிவாக உயர்வதைக் காட்டினார்கள். மூன்றாண்டுகளுக்குப் பின், பராமரிப்பிலே நேரும் நெருக்கடிகள் மைக்கோபாக்டீரியா என்ற கிருமியின் தொற்றைத் தீவிரமாக்குவதையும் அவர்களே கண்டார்கள். நெரிசல் மீனின் நோயை மட்டுமன்றி அதன் பாலையுங்கூட மாற்றவல்லது. சோதனைக்கூட வம்சங்கள் பலவற்றில், காட்டு மீனிடம் உள்ள பால்நிர்ணய மரபுக்கூறு மறைந்துபோயிற்று; அதனால் குஞ்சுப் பருவத்து நெரிசலும் உஷ்ணமும் எத்தனை ஆண், எத்தனை பெண் என்பதைச் சாய்க்கின்றன; நெருக்கம் மிகுந்தால் ஆண்கள் மிகுகின்றன. வீடு என்பது உயிரைச் சுற்றி நிற்கும் சுவர் மட்டும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அது உயிரின் உள்ளே புகுந்து அதன் அமைப்பையே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய பிரமாணம் வேண்டியதில்லை.

நெரிசல் துன்பம் என்றால் தனிமை சுகமாக அல்லவா இருக்க வேண்டும்? இந்தச் சுலபமான அனுமானம் தகர்ந்த இடத்தில்தான் விஷயம் உண்மையில் சுவாரசியமாகிறது. லண்டனில் உள்ள குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் மாத்யூ பார்க்கரும் கரோலின் பிரென்னனும் அவர்களுடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். பழக்கமற்ற ஒரு தொட்டியில் விடப்பட்டதும் இந்த மீன் உடனே அடித்தளத்துக்குப் பாய்ந்து, சில நிமிஷங்கள் அங்கேயே பதுங்கியிருந்து, பின்பு மெல்ல மெல்ல மேலே வந்து இடத்தை ஆராயத் தொடங்கும். அடியில் எவ்வளவு நேரம் கழிக்கிறது என்பதையே அதன் பதற்றத்துக்கு அளவுகோலாகக் கொண்டு, பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகளைப் பரிசோதிப்பது பல இடங்களில் வழக்கம். ஆனால் சோதனைக்கு முன்பு அந்த மீன் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதைக் கட்டுரைகள் பெரும்பாலும் சொல்வதேயில்லை. பார்க்கர் குழுவினர் சில மீன்களைப் பெருங்கூட்டமாகவும், சிலவற்றை ஜோடியாகவும், சிலவற்றைத் தனியாகவும், சிலவற்றைத் தம் இனத்தாரைக் கண்ணால் காணமட்டும் இயலுமாறும், சிலவற்றை மோப்பத்தால் உணரமட்டும் இயலுமாறும் வைத்துப் பார்த்தார்கள். தன் இனத்தாரைக் கண்ணால் கண்டிருந்ததா இல்லையா என்பதே சோதனையின் விளைவை நிர்ணயிப்பதாகத் தெரிந்தது. அதைவிட வியப்பானது, எந்தச் சோதனைக்கும் உட்படாமல் சும்மா இருந்த நிலையில், தனியாக வைக்கப்பட்ட மீன்களின் கார்ட்டிசால், கூட்டத்தில் இருந்தவற்றின் கார்ட்டிசாலைவிடக் குறைவாக இருந்தது.

எத்தனால் என்ற மதுசாரத்தைக் கொடுத்துப் பார்த்தபோது முரண்பாடு இன்னும் கூர்மையாயிற்று. தனித்திருந்த மீன்களின் பதற்றத்தை அது தணிப்பதாகத் தோன்றியது. கூட்டத்தில் வாழ்ந்தவற்றிடம் அந்த விளைவு காணப்படவில்லை. சோதனைக்கு முன்பு நீரை மாற்றிப் பார்த்தபோதோ நிலைமை தலைகீழாக, அது தனித்தவற்றைப் பாதிக்காமல், கூட்டத்திலிருந்தவற்றின் வழக்கமான நடத்தையைப் பாதித்தது. மீன் அதே இனம், மருந்து அதே மருந்து, தொட்டி அதே தொட்டி, அளக்கும் கையும் அதே கை. முந்தின நாட்களில் அது யாருடன் வாழ்ந்தது என்பது மட்டுந்தான் வேறு. இந்த மருந்துக்குப் பதற்றத்தைப் போக்கும் சக்தி உண்டா இல்லையா என்று கேட்டால், உண்டு என்று ஒரு கூடமும் இல்லை என்று இன்னொரு கூடமும் விடையளித்திருக்கும்; இரண்டும் பொய் சொல்லியிருக்கமாட்டா.

குறைந்த கார்ட்டிசால் நமக்குச் சொல்வது என்ன? அமைதி என்று சொல்ல நா துடிக்கிறது. ஆனால் தன் விருப்பால் குகைக்குள் அமர்ந்திருக்கும் துறவியின் நாடியும், தண்டனையாகத் தனியறையில் அடைக்கப்பட்டவனின் நாடியும் ஒரே கதியில் அடிக்கக்கூடும். அதைக் கொண்டு இருவரும் ஒரே சாந்தியை எய்திவிட்டார்கள் என்று எவரும் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். பிரேஸில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கே ஒரு குறிப்பைத் தருகிறது. தனித்து வைக்கப்பட்ட மீன்களை நெருக்கடிக்கு உட்படுத்தியபோது, கூட்டத்தில் வாழ்ந்த மீன்களுக்கு எழும் அளவுக்கு அவற்றின் கார்ட்டிசால் எழவில்லை. அபாயம் வந்தும் உடல் அதற்குத் தக்கபடி விழித்தெழவில்லை என்றால், அதற்கு முன்பிருந்த தாழ்ந்த அளவை நிம்மதி என்று கொள்வதா, அல்லது மழுங்கிப்போன ஒரு புலனின் மௌனம் என்று கொள்வதா என்பதை எண்ணிக்கை தனியாக நின்று சொல்ல வல்லதன்று.

கூட்டத்தின் வாழ்வு எளிதானதும் அன்று. அங்கே உணவுக்குப் போட்டி உண்டு; வலியதும் மெலியதும் உண்டு; இரண்டே மீன்களை ஒரு தொட்டியில் இட்டால் ஒன்று ஆள, மற்றொன்று ஒதுங்கும். ஆகவே கூட்டத்தில் வாழும் உடல் ஓரளவு கார்ட்டிசாலைச் சதா செலவழித்துக்கொண்டிருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதே கூட்டம்தான் அபாய வேளையில் துணையுமாகிறது. இந்த வகை மீன்களின் தோல் கிழிந்தால் அதிலிருந்து நீரில் கலக்கும் ஒரு பொருள் மற்ற மீன்களை அச்சுறுத்துகிறது என்பதைக் கார்ல் பான் பிரிஷ் 1938-இல் விவரித்தார். தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்தமைக்காகப் பின்னாளில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். போர்ச்சுகல் நாட்டில் ரூயி ஒலிவேராவின் குழுவினர், அந்த அச்சப் பொருளை ஜீப்ரா மீன் உள்ள நீரில் கலந்து, அருகே அதன் இனத்தாரின் கூட்டம் தெரியுமாறு செய்தபோது, மீன் அசைவற்று உறைந்து நிற்பது குறைந்தது என்று 2017-இல் அறிவித்தார்கள். இனத்தாரின் வாசனையைவிட அவர்களுடைய தோற்றமே அதிக தைரியத்தைக் கொடுத்தது. லண்டன் குழுவினர் கண்டதும் பார்வையின் பிராதான்யத்தைத்தான். சகவாசத்துக்கு உடல் தினந்தோறும் ஒரு விலை கொடுக்கிறது. அபாயம் நேரும் அன்று அவ்விலைக்குரிய பலனைப் பெறுகிறது. தனிமை, விலையையும் பலனையும் ஒருசேரத் தள்ளுபடி செய்துவிடுகிறது. சும்மா இருக்கும் வேளையில் எடுத்த ஒற்றை அளவு, இந்தக் கணக்கின் செலவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறது.

எனவே, மீன் எதை விரும்புகிறது என்று மீனையே கேட்டுவிடலாமே என்று சிலர் நினைத்தது நல்ல யோசனை. ஒரு பாதி வெறுமையாகவும் மறுபாதி செடியும் கல்லும் உடையதாகவும் அமைந்த தொட்டியில் அதை விட்டு, எங்கே அதிக நேரம் தங்குகிறது என்று கவனிக்கும் முறை அது. சுவிட்சர்லாந்தில் 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றும், இங்கிலாந்தில் லின் ஸ்னெடனும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றும், அலங்காரமற்ற வெறுமையை மீன்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்று காட்டின. பின்னதில் கூழாங்கற்களை மட்டுமன்றி, தொட்டியின் அடியில் ஒட்டப்பட்ட கூழாங்கல் படத்தையுங்கூட மீன்கள் நாடின. சிறைவாசத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து, ஓடை எதையும் காணாத ஒரு மீன், கல்லின் வெறும் சித்திரத்தை நோக்கிச் செல்கிறதென்றால், வளர்ப்புமீன் கடையும் சோதனைக்கூடமும் சேர்ந்து அதன் சுபாவத்தை நாம் நினைத்த அளவுக்குத் துடைத்துவிடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். அந்தச் சித்திரத்துக்குக் கழுவ வேண்டிய இடுக்கும் கிடையாது. ஊழியனுடைய ஆட்சேபம் முழுவதும் இங்கே அடிபட்டுப்போகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் அற்பமானதன்று. எல்லாக் கூடங்களிலும் தொட்டிகள் ஒரே மாதிரி வெறுமையாக இருந்தால்தானே ஒருவர் முடிவை மற்றவர் சரிபார்க்க முடியும். ஆளுக்கொரு செடியும் ஆளுக்கொரு கல்லும் வைத்தால் விஞ்ஞானத்தின் பொதுமொழி கெட்டுவிடாதா என்பது அது. ஹான்னோ வூர்பெல் என்ற சுவிஸ் விஞ்ஞானி 2000-இலேயே, எலிகளை முன்னிட்டு, இந்த வாதத்தின் உள்ளே இருக்கும் பிழையைச் சுட்டிக்காட்டினார். சூழலை எவ்வளவு குறுக்குகிறோமோ, அவ்வளவுக்கு நம் முடிவு அந்தக் குறுகிய சூழலுக்கு மட்டுமே பொருந்தும் உண்மையாகிவிடுகிறது. திரும்பத் திரும்ப ஒரே விடை வருவதனாலேயே அது உலகத்தைப் பற்றிய விடையாகிவிடாது. தனித்த மீனுக்கு எத்தனால் கொடுத்த கூடம், அந்த ஆராய்ச்சியை நூறு முறை செய்து நூறு முறையும் ஒரே முடிவை எய்தலாம். அப்போதும் அது தனித்த மீனைப் பற்றிய முடிவாகவே நிற்கும்.

மீனுக்கு நோவு உண்டா என்ற தர்க்கத்தில் நான் இங்கே இறங்கவில்லை. டிரௌட் மீன்களின் உதட்டில் எரிச்சலூட்டும் பொருளைச் செலுத்தி, அவை உதட்டைக் கல்லில் தேய்த்துக்கொள்வதை 2003-இல் எடுத்துக்காட்டி, உண்டு என்று வாதிட்டவர் மேற்சொன்ன ஸ்னெடன். நோவை உணரத் தக்க மூளையமைப்பு மீனுக்கு இல்லை என்று 2016-இல் மறுத்தவர் பிரையன் கீ. 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் சோதனைப் பிராணிகளை மனிதாபிமானத்தோடு நடத்துவதைப் பற்றி எழுதிய நூலும், மீனையும் பாதுகாப்புக்கு உட்படுத்திய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டுச் சட்டவிதியும் கருணையின் பக்கம் நிற்பவை. கருணை வேண்டாம் என்று ஒருவர் அவற்றை ஒதுக்கினாலும் ஒதுக்கட்டும். மீனை உணர்ச்சியற்ற வெறும் யந்திரம் என்றே அவர் கருதட்டும். அப்போதும், அந்த யந்திரம் காட்டும் எண் அது நேற்று எத்தனை பேருடன் இருந்தது என்பதைப் பொறுத்து மாறுகிறது என்ற உண்மையிலிருந்து அவருக்குத் தப்ப வழியில்லை. கருணையுள்ளவனும் கருணையற்றவனும் ஒரே கேள்வியின் முன் வந்து நிற்கும் அபூர்வமான சந்தர்ப்பங்களில் இது ஒன்று. 2010 முதல் வழங்கிவரும் ‘அரைவ்’ என்ற நெறிமுறை, பிராணிகளின் குடியிருப்பையும் பராமரிப்பையும் கட்டுரையில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று கேட்பது, தர்மத்தை முன்னிட்டா சத்தியத்தை முன்னிட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

கூட்டத்து மீன்களிடம் எத்தனால் பலிக்கவில்லை என்பதைச் சோதனையின் தோல்வியாக எண்ணி ஒதுக்குவது எளிது. எனக்கென்னவோ அந்த ஆராய்ச்சி கண்டறிந்தவற்றுள் மிகவும் பெறுமதியுள்ளது அதுவே என்று தோன்றுகிறது. மருந்தின் குணம் மருந்தில் மட்டும் குடிகொண்டிருப்பதில்லை. அதை ஏற்கும் உடல் எந்த நிலையில் வாழ்ந்து வந்ததோ, அந்த நிலையும் அக்குணத்தில் பங்கு கொள்கிறது என்பதை அது வெளிப்படையாகக் காட்டுகிறது. இடத்தை நீக்கிவிட்டு மீனை மட்டும் தனியே ஆராய்ந்துவிடலாம் என்று வெறுமையான தொட்டியைக் கட்டினோம். அந்த வெறுமையும் ஓர் இடமாகி, தன் பங்குக்கு மீனை மாற்றிவிட்டது. இடம் என்ற ஒன்று இல்லாத மீனை எந்தக் கூடத்திலும் எவரும் ஆராய்ந்ததில்லை, ஆராயவும் முடியாது. ஆகவே பதற்றத்துக்கு மருந்து கண்டேன் என்று வருகிறவரிடம், எத்தனை மீன்கள் குணமடைந்தன என்று கேட்பதற்கு முன், அவை யாருடன் வாழ்ந்தன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதற்கு அவரிடம் விடையில்லை என்றால், அவர் கண்டது எதற்கு மருந்து என்பது அவருக்கே இன்னும் தெரியாது.